நஜ்வா சொன்ன ரேட்டு

வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே மீரா சாகிபு மகளைப் பிடித்துத் திட்டிவிட்டார். அதுவும் சாதாரணத் திட்டு இல்லை.

“கோடு உன்னோடது. காசு அவங்களோடது. எழுந்திரு, வீட்டுக்குப் போ.”

ஜொகூர் பாருவில் பணம் மாற்றும் கடை அது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜனங்கள், சம்பளமாக வாங்கிய சிங்கப்பூர் டாலரை, அவர்கள் பேச்சில் வெள்ளியை, மலேசிய ரிங்கிட்டாக மாற்ற அங்கே வருவார்கள். மகள் நஜ்வா படிப்பை முடித்துக் கவுண்டரில் உட்கார்ந்தாளோ இல்லையோ, மாற்ற வந்தவர்களையே திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாங்க, இன்ன ரேட்டு கிடைக்கும் என்பாள். எந்தக் கடைக்காரனாவது இப்படிச் செய்வானா?

கேட்டால் கம்ப்யூட்டரைக் காட்டுவாள். அதில் இரண்டு கோடுகள். மூவிங் ஆவரேஜ் என்று பேர் சொல்வாள். ஒன்று சில நாள் ரேட்டின் சராசரி, இன்னொன்று பல வாரத்துச் சராசரி. சின்னக் கோடு பெரிய கோட்டைத் தாண்டி மேலே போனால் வெள்ளி ஏறப்போகிறதாம், பொறுத்து மாற்றினால் லாபமாம்.

சும்மா சொல்லக்கூடாது, பல தடவை அப்படியே நடந்தது. “உங்க மக கெட்டிக்காரி லா, பாய்” என்று ஜனங்கள் சொன்னால், மீரா சாகிபு காதில் விழாத மாதிரி நோட்டை எண்ணிக்கொண்டிருப்பார்.

உலு திராமிலிருந்து வரும் தேன்மொழியிடமும் நஜ்வா அப்படித்தான் சொன்னாள். மகன் காலேஜ் ஃபீஸுக்காக ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். தேன்மொழி நம்பிக் காத்திருந்தாள். இந்தத் தடவை கோடு காலை வாரிவிட்டது. ஏறுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வெள்ளி மளமளவென்று இறங்கியது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள். வேறு வழியில்லாமல் தேன்மொழி கடைக்கு வந்து நின்றாள்.

அவளைப் பார்த்ததும்தான் அந்தத் திட்டு. நஜ்வா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். மனுஷர் விடவில்லை. கைப்பையை எடுத்துக் கொடுத்து, வெளியே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

வீட்டில் நஜ்வா அழுது தீர்த்தாள். தப்புதான், ஒத்துக்கொள்கிறாள். அதற்காக நாலு பேர் முன்னால் மானத்தை வாங்க வேண்டுமா? உம்மா எவ்வளவோ சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டாள். இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். இனி வாப்பா கடைப் படியை மிதிப்பதில்லை என்று கிளம்பிவிட்டாள்.

பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போகும் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றால், முன்னால் தேன்மொழி. நஜ்வாவுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒளியவில்லை. அவளே போய்ப் பேசினாள்.

“அக்கா, என்னால உங்களுக்கு நஷ்டம். வேலை கிடைச்சதும் முதல் சம்பளத்துல கொடுத்துடுறேன்.”

“என்ன நஷ்டம்? ஃபீஸ் முழுசா கட்டியாச்சும்மா. நீ சொன்ன ரேட்டையேதான் பாய் போட்டுக் கொடுத்தாரு.”

நஜ்வாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ரேட்டுக்கு அன்றைக்கு ஊரில் எந்தக் கடையிலும் வெள்ளி வாங்கவில்லை.

தனக்கு மட்டும் இல்லை என்றாள் தேன்மொழி. நஜ்வா பேச்சைக் கேட்டுக் காத்திருந்த அத்தனை பேருக்கும் அதே ரேட்டுதானாம். மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். அவள் காதுக்குப் போகக்கூடாது என்று கண்டிஷன் வேறு.

“எனக்கே மனசு கேக்கல. வெளியில ரேட்டு கம்மியாச்சே பாய், ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். நிமிர்ந்து உக்காந்துக்கிட்டு என்ன பெருமையா சொல்றாருங்கற?

‘வெளியில எந்த ரேட்டும் இருந்துட்டுப் போகட்டும். என் மக வாயால சொல்லிட்டா, இந்தக் கடையில அதுதான் ரேட்டு.’”