கைக்கு முன்னால் ‘லா’

“டாமே எல் மானோ.”

“இல்லைங்க, டாமே லா மானோ,” என்று திருத்தினாள் சகாயராணி டீச்சர். “ஸ்பானிஷ்ல ‘கையைக் குடு’ன்னு சொல்ல, கைக்கு முன்னால ‘லா’ போடணும்.”

“ஏன்?”

“ஏன்னு கேக்காதீங்க, சேர்த்தே சொல்லிப் பழகுங்க. வெரசா! ஸ்பெயின்காரரு வத்தலக்குண்டு தாண்டிட்டாராம்.”

கொடைக்கானல் மடத்து வராந்தாவில் மாதக்கணக்காக இதே பாடம். மாணவி ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய ஸ்பானிஷ் முதியவரிடம் மாணவி கையை நீட்டினார்.

“டாமே லா மானோ.”

முதியவர் அந்தக் கையைப் பற்றி, தன் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதார்.

“லா சரியாப் போட்டேனா, டீச்சர்?” என்று கேட்டார் சிஸ்டர் கார்மென். பக்கவாதம் அவருடைய தாய்மொழியை மட்டும் பறித்திருந்தது.

சகாயராணி கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

“பள்ளிக்கூடத்துல எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக் குடுத்ததே நீங்கதான சிஸ்டர்! தப்பாப் போகுமா?”