கொதித்து நின்ற வேன்

துஷாந்த் சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நிரஞ்சனுக்குப் பார்த்தவுடனேயே புரிந்துவிட்டது. டிக்கோயா வீதியோரக் கராஜின் வாசலில் வேனை நிறுத்தி இறங்கியவன், நேராக அவனை நோக்கி வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. வேனின் முன் சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. வழி நெடுக ஓடைத் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் கொண்டுவந்திருப்பான்.

காலையிலிருந்து இவனுடைய நம்பரிலிருந்து ஐந்து தடவை போன் வந்திருந்தது. வேன் கொதித்திருக்கும், வேறென்ன! ஐந்தாவது தடவையோடு போனை ஓஃப் பண்ணி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டான் நிரஞ்சன்.

போன மாதம் அந்தப் பழைய டீசல் வேனின் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிப் பூட்டியது அவன்தான். ஹெட் வளைந்திருந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பும் இருந்தது. கண்டிக்கு அனுப்பிச் சீவி எடுத்து, அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டைப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கோயில் தேர். அவசரத்தில் பழைய கேஸ்கட்டையே துடைத்து, பசை தடவி இறுக்கிவிட்டு, "எல்லாம் புதுசு, இனி கவலையே இல்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"வீட்டுல வேற யாரும் இருக்காங்களாண்ணே?" துஷாந்த் கராஜுக்குப் பின்னாலிருந்த வீட்டை எட்டிப் பார்த்தான்.

ஆள் கூட்டி நியாயம் கேட்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டான் நிரஞ்சன். "யாரும் இல்ல. சம்சாரம் தோட்டத்துல இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருக்கு. எது பேசுறதா இருந்தாலும் எங்கிட்டயே பேசு."

"அண்ணே, நான் வந்தது..."

"எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். சீட்டைத் தூக்கு."

"வேன் கெடக்கட்டும்ண்ணே. நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"மொதல்ல பாத்துருவோம். பெறகு ஒன் பேச்சு."

ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். ஆவி சீறி அடங்கியது. சூடு தணியும்வரை துஷாந்த் ஒரு பழைய டயரில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை எழுந்து வந்தான். இரண்டு தடவையும் நிரஞ்சன் கையைக் காட்டி உட்கார வைத்தான்.

எண்ணெய் மூடியின் உட்பக்கம் பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை அப்பியிருந்தது. எஞ்சினை ஓடவிட்டு மெல்லத் தண்ணீர் ஊற்றியதும், ரேடியேட்டர் வாயில் உலைப் பானை மாதிரிக் குமிழி குமிழியாக வந்தது. மூடியைப் போட்டு மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தான். ஒரு நிமிடத்துக்குள் அது கல்லாகிவிட்டது. சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் பாய்கிறது. அவன் பசை தடவிய இடம் விட்டுவிட்டது.

துஷாந்த் பார்க்காதபடி முதுகால் மறைத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தினான்.

"என்னண்ணே ஆச்சு அதுக்கு?"

"நீ தண்ணி பாக்காம ஓடியிருக்க. அதான் ஆச்சு."

"தெனமும் பாப்பேண்ணே. இன்னைக்குக் காலையில லயத்து வீட்டுல இருந்து ஓடி வந்து கதவத் தட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகணும், சீக்கிரம் எடுன்னாங்க. தோட்டத்துல வேற வேன் இல்ல. பாக்காம எடுத்துட்டேன்."

"பாத்தியா? நீயே சொல்லிட்ட."

"ஏத்தத்துல நின்னுருச்சுண்ணே. ஒரு லொறி வந்து அவங்கள ஏத்தறதுக்கு ஒன்றரை மணித்தியாலம் போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள..." துஷாந்த் உதட்டைக் கடித்துக்கொண்டான். "உசுரு போயிருச்சு. சின்ன வயசுப் பொம்பளண்ணே."

நிரஞ்சனின் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. பொலிஸ் வரும். எவனாவது ஒருத்தன் ஹெட்டைக் கழற்றுவான். பழைய கேஸ்கட் வெளியே வரும். இந்த வீதியில் அவனை நம்பி ஒருத்தன் சைக்கிளைக்கூட விடமாட்டான்.

குனிந்து துணியை எடுத்தான். நிமிர்ந்தபோது முகம் இறுகியிருந்தது.

"துஷாந்த், நல்லாக் கேட்டுக்க. என் வேலையில ஒரு கொறையும் இல்ல. காலையில ஒரு போத்தல் தண்ணி ஊத்தியிருந்தா வேன் நின்னிருக்காது."

"அப்போ அவங்க பொழச்சிருப்பாங்களாண்ணே?"

அந்த முகத்தைப் பார்க்க நிரஞ்சனுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கணம்.

"பொழச்சிருப்பாங்க. நீதான் கொன்னுட்ட. யாரு கேட்டாலும் அதச் சொல்லு. தண்ணி பாக்கல, என் தப்புன்னு சொல்லு."

"என் தப்புதான்" என்றான் துஷாந்த். அடுத்த நொடி எண்ணெய் ஊறிய தரையில் அப்படியே சரிந்து, நிரஞ்சனின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டான். "மன்னிச்சிருங்கண்ணே. தெரியாம செஞ்சுட்டேன். என்னைய மன்னிச்சிருங்க."

நிரஞ்சனுக்கு மூச்சு திரும்பி வந்தது. இனிப் பயமில்லை. காலை உதறி விடுவித்துக்கொண்டான்.

"ஏன்டா, எங்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்? போ, செத்துப் போனவளோட புருசங்கிட்ட போய்க் கேளு."

துஷாந்த் தலையைத் தூக்கினான்.

"அவருகிட்டதாண்ணே கேக்குறேன்."