ஒரு கையால் திறக்கும் பை

"இது வேணாம் பாய். வேற காட்டுங்க."

ஐந்தாவது பை. சம்பூர்ணத்துக்குப் பொறுமை போய்விட்டது. அது அவளிடம் எப்போதுமே கொஞ்சம்தான் இருக்கும்.

கைப்பையின் அறுந்த வாரைத் தைத்து வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம் என்றுதான் ஜியாவுதீன் கடைக்குள் நுழைந்தாள். அரை மணி ஆகிறது. தையல் மிஷின் சும்மா கிடக்க, ஜியாவுதீன் ஸ்டூல்மேல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் இந்த ஆளால். முப்பது வயதிருக்கும். பழைய காட்டன் புடவையால் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, டயப்பரும் பால் புட்டியும் வைக்க ஒரு பை தேடுகிறான்.

"கரடி பொம்மை போட்டது தம்பி. அம்மாங்க எல்லாம் இதைத்தான் எடுத்துக்கினு போறாங்க."

அவன் இடது கையைக் குழந்தையின் முதுகில் வைத்தபடி வலது கையால் ஜிப்பை இழுத்தான். பாதியில் நின்றது.

"சிக்கிக்குது பாய்."

"ரெண்டு கையாலயும் இழுத்துப் பாரேன்!" என்றாள் சம்பூர்ணம்.

"ஒரு கை புள்ளைக்கு வேணுமேம்மா."

அடுத்ததைத் தோளில் மாட்டிக் குனிந்தான். பை சரிந்து முன்னால் வந்து, குழந்தையின் தலையை உரசியது. கழற்றி வைத்தான். அதற்கடுத்ததை உள்ளே தடவிப் பார்த்தான். "துணி பாய். பால் சிந்தினா நாறும். துடைக்கிற மாதிரி இருக்கணும்."

நியாயம்தான். சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட ஜட்டி மாற்றாமல் ரிட்டயர் ஆனவர். அந்தக் கணக்கில் இவன் சொக்கத் தங்கம். ஆனால் இப்படி ஒரு தங்கத்தைக் கட்டிக்கொண்டவள் எங்கே?

"பெத்தவ எங்கப்பா?"

"வேலைக்குப் போயிருக்குதும்மா. புள்ள பொறந்தப்புறம் இன்னிக்குத்தான் முதல் நாள்."

"எத்தனை மாசம்?"

"நாலு."

"நாலு மாசக் குழந்தைய விட்டுட்டா? அப்படி என்ன, கலெக்டர் உத்தியோகமா?"

"உக்காந்துக்கினு செய்யற வேலைதாம்மா," என்று சிரித்தான்.

"அதானே பாத்தேன்! மகாராணி ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கா, நீ இங்க தாலாட்டுப் பாடிக்கிட்டிருக்க."

"எனக்குக் கம்பெனி பஸ்ஸு மதியம் ரெண்டு மணிக்குத்தாம்மா. காலையில நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். நேத்து ஒத்திகை பாத்தோம். புள்ள ஈரம் பண்ணிடுச்சு. நான் ஒரு கையில பையத் தொறந்து டயப்பர எடுக்கறதுக்குள்ள கத்தித் தீத்துடுச்சு. 'இன்னிக்கும் இப்படி அழுதா வேலையே வேணாம், நின்னுடறேன்'னு சொல்லிட்டுப் போயிருக்குது. நின்னுடக் கூடாதும்மா. அது அவ்ளோ ஆசையா செய்யற வேலை."

"நின்னா என்ன குடி முழுகிப் போகும்? நாங்கள்லாம் வீட்டுல இருந்து வளர்க்கல? இவளுங்களுக்கு வெளிய சுத்தற ருசிப்பா. பெத்துப் போட்டுட்டுப் புருஷன் தலையில கட்டிட்டாப் போச்சு."

அவன் குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டான்.

சண்டைக்கு வராதவர்களைக் கண்டால் சம்பூர்ணத்துக்கு இன்னும் கோபம் ஏறும்.

"பாய், அதோ தொங்குது பாருங்க, எலக்ட்ரீஷியன் பை. அதைக் குடுத்து அனுப்புங்க. இவர் வீட்டு ரிப்பேருக்கு அதான் லாயக்கு."

குத்தலாகத்தான் சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதை எடுங்க பாய்."

முதுகில் மாட்டும் கறுப்பு டூல்ஸ் பை. ஒரு கையால் ஒரே இழுப்பு, வாய் ஆவென்று திறந்து அப்படியே நின்றது. உள்ளே ரெக்சின். ஸ்க்ரூடிரைவர் சொருகும் இடத்தில் பால் புட்டி நெட்டுக்குத்தாக நின்றது. மாட்டிக்கொண்டு குனிந்தான். பை அசையவில்லை.

"சூப்பர்மா!" என்றான். முகமெல்லாம் பல்.

ஒருவழியாக வாரைத் தைத்து வாங்கிக்கொண்டு சம்பூர்ணம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தாள். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி...

"லில்லி!"

சம்பூர்ணத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? பத்து மாசமாச்சு! உன் வண்டி இல்லாம, இந்தத் தடியனுங்க வண்டியில இடிபட்டு இடிபட்டு என் மானமே போச்சு. சின்ன காஞ்சிபுரத்துல எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம் உன்னைத்தான் கேக்கறாங்க. பேசாம வண்டிய ஓட்டு. இனிமே லீவு கீவுன்னு போன, தொலைச்சுடுவேன்!"

லில்லி சிரித்தாள். "டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரும்மா. இப்ப புள்ளைக்கு நாலு மாசம். இன்னிக்குத்தான் திரும்ப எடுத்தேன். அதோ வர்றாரே, என் வீட்டுக்காரரு."

சம்பூர்ணம் திரும்பினாள். மார்பில் குழந்தை, முதுகில் கறுப்புப் பை.

மகாராணி, வெளிய சுத்தற ருசி என்று கடையில் தான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து சொல்லிவிடப் போகிறான்.

"புள்ள அழுதுச்சா, கமலு?" லில்லி கணவனை நோக்கி எட்டிப் பார்த்தாள்.

"சத்தமே போடல. கடை பெஞ்சிலயே டயப்பர மாத்திட்டேன். பை அப்படி!" என்றவன் சம்பூர்ணத்தைப் பார்த்துக் கையைக் குவித்தான். "இந்தம்மாதான் காட்டினாங்க. அரை மணி நேரம் எனக்காகவே நின்னாங்க."

"இந்தம்மாவ எனக்குத் தெரியாதா?" என்றாள் லில்லி. "காலையிலேர்ந்து ஏறினவங்க அத்தனை பேரும் 'நாலு மாசக் குழந்தைய விட்டுட்டா'ன்னுதான் கேட்டாங்க. வண்டிய ஓட்டுன்னு சொன்னது இந்தம்மா ஒருத்தங்கதான்!"