மஞ்சள் கார்டுத் தெரு

நான்கு வீடு பார்த்தாயிற்று. நான்கிலும் ஒரே ஏழ்மை.

செல்வப்பிரியாவுக்கு அது பிடிக்கவில்லை. ரேஷனிங் இன்ஸ்பெக்டராக வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தகுதியில்லாமல் மஞ்சள் ரேஷன் கார்டு வைத்திருக்கும் ஒருவரைக்கூட இன்னும் பிடித்தபாடில்லை. மஞ்சள் கார்டு பரம ஏழைகளுக்கானது. மாதம் முப்பது கிலோ அரிசி இலவசம். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு மஞ்சள். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பும் வீட்டுக்கு வீடு.

"தோப்பு இருந்து என்னங்கம்மணி, காய் இல்லீங்களே" என்றார் பொங்கியண்ணன். வார்டு மெம்பர். காலையிலிருந்து கூடவே வருகிறார். பார்த்த நான்கில் ஒன்று அவர் வீடு. "வெள்ளை ஈ வந்து மரமெல்லாங் கருத்துப்போச்சு. மனுசன் பாயில படுத்து, பானைத் தண்ணி குடிச்சுட்டுக் கெடக்கறோம்."

பாயையும் பானையையும் அவளும் பார்த்திருந்தாள். வேறு எதுவும் பார்க்கக் கிடைக்கவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒற்றையாக ஓர் ஓட்டு வீடு தெரிந்தது.

"அது யார் வீடு?"

"அது வேண்டாமுங்க. மருதாத்தாளூடு. எங்க தோட்டத்துல களையெடுக்கறவ. புருசன் செத்து ஆறு வருசமாச்சு. அங்க என்னங்க இருக்கப்போவுது?"

"கார்டு என்ன கலர்?"

"மஞ்சதானுங்க. வெயில் ஏறுது பாருங்க, எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?"

இளநீர் என்ற சொல் காதில் விழுந்ததும் செல்வப்பிரியா அந்த வீட்டைப் பார்த்து நடையை எட்டிப்போட்டாள். இளநீர் வந்தால் எதையோ மறைக்கிறார்கள்; மூன்று மாதத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

வீடு பூட்டியிருந்தது. வரப்பிலிருந்து மருதாத்தாள் களைக்கொத்தோடு ஓடிவந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு மெம்பரைப் பார்த்தாள்.

"தொறக்கட்டுங்களா, பண்ணாடி?"

"உங்க வீட்டைத் திறக்க அவர்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் செல்வப்பிரியா.

தோட்டத்துப் பண்ணாடியான பொங்கியண்ணன் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். வாஷிங் மெஷின். ஆள் நீளத்துக்கு ஒரு டிவி. மூன்று பேர் உட்காரும் சோபா, அதன்மேல் ஒரு கிரைண்டர்.

செல்வப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "களை எடுத்தா சம்பாதிச்சீங்க?"

"அம்மணி, இதெல்லாம் வந்துங்க..."

பொங்கியண்ணனுக்கு இருமல் வந்தது. நீளமான இருமல். மருதாத்தாள் நிறுத்திக்கொண்டாள்.

"தங்கச்சி வீட்டுச் சாமான், மச்சான் வீட்டுச் சாமான். அதானே? போற இடமெல்லாம் கேட்டு எனக்கு மனப்பாடம். மெம்பர், நீங்க சொல்லுங்க. யாருது இதெல்லாம்?"

பொங்கியண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அவளூட்டுல இருக்குதுன்னா அவளுதாத்தானுங்க இருக்கோணும்."

"இவங்க கார்டு போயிரும். தெரியுமில்ல?"

"கவருமெண்டு சட்டமுங்க. நாம என்ன பண்ண முடியும்?"

மருதாத்தாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு களைக்கொத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

"ஆமாங்கம்மணி. அத்தனையும் என்னுதுதான். எழுதிக்குங்க."

செல்வப்பிரியா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து எழுதினாள்.

"ஒண்ணுவிடாம எழுதுங்க. கட்டிலுக்கடியில மிக்சி இருக்குது. அந்த அட்டைப்பெட்டியில இஸ்திரிப்பெட்டி. மேல ஃபேன் ஒண்ணு கட்டிவெச்சிருக்குது பாருங்க."

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உங்களுக்கு?"

"எதுக்குங்க வெக்கம்? திருடியா வெச்சிருக்கறேன்?"

எழுதியதைச் செல்வப்பிரியா உரக்கப் படித்தாள். மேற்படி சாமான்கள் யாவும் மருதாத்தாளுக்குச் சொந்தமானவை. மருதாத்தாள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு மெம்பர். பேனா முதலில் எழுதவில்லை. உதறி இரண்டாம் முறை போட்டார்.

"எனக்கு ஒரு நகல் குடுங்கம்மணி."

"அப்பீல் போறீங்களா?"

"இல்லீங்க. பத்திரமா வெச்சுக்கறேன்."

கார்பன் நகலைக் கிழித்துக் கொடுத்து, மஞ்சள் கார்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள் செல்வப்பிரியா.

ஜீப் கிளம்பியதும் டிரைவர் அப்புசாமியிடம் சொன்னாள்: "இவங்களை மாதிரி ஆளுங்களாலதான் அண்ணா, கவர்மெண்ட் குடுக்கறது எதுவும் நெசமான ஏழைக்குப் போய்ச் சேர்றதில்ல."

அப்புசாமி தலையாட்டினார். அவர் எந்த இன்ஸ்பெக்டர் சொன்னாலும் தலையாட்டுவார்.

பொழுது சாய்கிற நேரம். நேற்றுச் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன அதே டெம்போ மருதாத்தாள் வாசலில் வந்து நின்றது. தெருவின் நான்கு வீட்டுக்காரர்களும் கயிறும் கையுமாக இறங்கினார்கள்.

"மருதாத்தா, கார்டு போச்சுன்னு வெசனப்படாத. மாசாமாசம் அரிசி நாங் குடுத்துர்றேன்" என்றார் பொங்கியண்ணன். "எந்திரி, வழிய விடு. மொதல்ல எங்க ஃபிரிட்ஜ ஏத்தீர்லாம்."

மருதாத்தாள் சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. மடித்து வைத்திருந்த நகலை மட்டும் விரித்து நீட்டினாள்.

"என்னுதுன்னு நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போட்டுப்போட்டு இப்ப வந்து கேட்டா எப்படிங்க பண்ணாடி? இல்ல, உங்களுதுதான்னா அந்த அம்மணிக்கு ஒரு போனப்போட்டுச் சொல்லிப்போட்டு எடுத்துட்டுப் போங்க!"