நடுப் புத்தகம்

"நடுவுல ஒரு புத்தகம் குறையுதே?" என்று கேட்டாள் கனடாவிலிருந்து வந்த மிஸஸ் காலவே.

"ஈரத்துல மக்கிப்போச்சும்மா. பாதிரியார் எரிக்கச் சொல்லிட்டார்."

தேவாலய எழுத்தராக முப்பது வருஷத்தில் ஆம்புரோஸ் ஸ்பர்வே சொன்ன முதல் பொய். அந்த ஞானஸ்நானப் பதிவேடு முந்தாநாளிலிருந்து அவர் வீட்டுப் பன்றிக் கொட்டில் பரணில், சாக்குக்குள் இருந்தது.

மூன்று நாளாக அவள் பின்னறையில் உட்கார்ந்து பழைய பெட்டியைக் கிளறுகிறாள். 'ட்ரூ' குடும்பத்தின் பூர்வீகம் தேடுகிறாளாம். ஆனால் பதிவுகளைப் பார்த்ததைவிட அவரைத் துருவியதுதான் அதிகம். எத்தனை பிள்ளைகள், சொந்த வீடா, உங்கள் மனைவிக்கு உடம்பு எப்படி. எழுத்தர் மனைவியின் மூட்டுவலிக்கும் ட்ரூ வம்சாவளிக்கும் என்ன சம்பந்தம்?

அவருக்குப் பயம் இருந்தது. அந்தப் புத்தகத்தில் ஐம்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு வரி. குழந்தை, லெட்டிஷியா. தாய், ஹன்னா ட்ரூ, பண்ணை வேலைக்காரி. தகப்பன் பெயருக்கான கட்டம் காலி.

ஹன்னா ஊரைவிட்டே போய்விட்டாள். ரொட்டிக்கடை ப்ரௌஸ் தம்பதி குழந்தையைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள். விஷயம் தெரிந்த கிழடுகள் எல்லாம் மண்ணுக்குள் போயாயிற்று. முந்தைய எழுத்தர் சாகும்முன் ஆம்புரோஸிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் இருக்க முடியாது, அந்தக் குழந்தைதான் ஆம்புரோஸின் மனைவி லெட்டி.

லெட்டிக்கே தெரியாது.

வராதே என்று சொல்லியும் நேற்று அவள் தேநீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கனடாக்காரி கோப்பையை வாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேர் என்ன என்று கேட்டாள். லெட்டி என்றதும் பிடித்த கையை விடவே இல்லை.

"பாவம், நல்ல பொம்பளை. நீங்க ஏன் அவளைத் திருடியைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் லெட்டி கோபித்துக்கொண்டாள்.

இப்போது மிஸஸ் காலவே குறிப்பேட்டை மூடிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். சனிக்கிழமை. கல்லறைத் தோட்டத்தில் லெட்டி பூ வைத்துக்கொண்டிருந்தாள். மிஸஸ் காலவே எழுந்து வெளியே போக, ஆம்புரோஸும் பின்னாலேயே ஓடினார்.

"யாரோட கல்லறைங்க?"

"எங்க அப்பா, அம்மா."

"உங்களை நல்லா வச்சிருந்தாங்களா?"

லெட்டி சிரித்தாள். "இது என்ன கேள்வி? பெத்த பொண்ணை யாராவது நல்லா வச்சிக்காம இருப்பாங்களா?"

 வண்டி காத்திருக்கிறது, ரயில் போய்விடும் என்று ஆம்புரோஸ் குறுக்கே விழுந்தார். கனடாக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, பூ அழகாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் போய்த் தொலைவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வாசல்வரை அவரும் வந்தார். அவள் நின்றாள்.

"ஐயா, அந்தக் காலத்துல வருஷா வருஷம் பதிவுகளை நகலெடுத்து பிஷப்புக்கு அனுப்புவாங்களே, தெரியுமா?"

தெரியும். அவர் பொறுப்புக்கு வரும்முன்பே நின்றுபோன வழக்கம். சுத்தமாக மறந்திருந்தார்.

"அந்த நகலைப் போன வாரமே பாத்துட்டேன். ஹன்னா ட்ரூ எங்கம்மா."

ஆம்புரோஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"விட்டுட்டு வந்த பொண்ணுக்கு ஆதரவா யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க, சாகும்போது."

வண்டியில் ஏறி உட்கார்ந்து, கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அவளுக்காகத் தேவாலயத்துலயே பொய் சொல்ற அளவுக்கு ஒருத்தர் இருக்காருன்னு அம்மா கல்லறையில போய்ச் சொல்லிடறேன்."