அத்தை வண்டி எழுபது போகணும்

"அண்ணே, இந்த வண்டி எழுபது போகணும். இப்போ நாற்பதைத் தாண்ட மாட்டேங்குது" என்றபடி அந்த இளைஞன் ஸ்கூட்டரை ஒர்க்‌ஷாப்புக்குள் தள்ளிக்கொண்டு வந்தான்.

மெக்கானிக் வண்டியைப் பார்த்தார். வெளிறிய ரோஸ் நிறம், சீட்டுக்குப் பூப்போட்ட உறை, முன்னால் காய்கறிக் கூடை. இது எழுபதில் போனால் கூடை தனியாகத்தான் வீடு வந்து சேரும்.

"உங்க வண்டியா தம்பி?"

"என் மாமியாரோடது."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அவருக்கும் ஒரு மாமியார் உண்டு. அந்த அம்மாளிடம் அவர் படாத பாடு பட்டிருக்கிறார். ஆனாலும் இப்படியொரு யோசனை அவருக்கு வந்ததே இல்லை.

"அவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?"

"அறுபதைத் தாண்டிட்டாங்க."

"பிரேக் ரொம்ப லூசா இருக்கே. முதல்ல அதைச் சரி பண்ணிடுவோம்."

"பிரேக் எதுக்குண்ணே? அத்தை பிரேக் பக்கமே போக மாட்டாங்க."

"ஹார்ன் அடிக்கல."

"அடிக்கவே வேணாம்."

"நம்பர் பிளேட் ஆடுது. ஒரு போல்ட்டாவது..."

"அதை மட்டும் தொட்டுடாதீங்க!" என்று பதறினான் அவன்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். "அத்தைகிட்ட நகை நட்டெல்லாம் இருக்கா தம்பி?"

"அவங்ககிட்ட எது இருந்தாலும் எங்களுக்குத்தானே வந்து சேரும்? ஒரே பொண்ணையில்ல கட்டியிருக்கேன்!" அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமை காலையில வண்டி கைக்கு வந்தாகணும். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க."

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் மெக்கானிக் மூச்சு விட்டார். விடாமல் எப்படி இருக்க முடியும்? சோறு இறங்கவில்லையே!

"அடப்பாவி! கொலைகாரப் பாவி!" என்று மனைவி கரண்டியைக் கீழே போட்டாள். "உடனே போலீஸ்ல சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? ஒருத்தன் மாமியார் வண்டிக்கு வேகம் கூட்டச் சொல்றான்னு சொன்னா, இன்ஸ்பெக்டர் தன் மாமியார் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்திடுவார்."

"அப்போ முடியாதுன்னு சொல்லிடுங்க."

"நான் முடியாதுன்னா பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்புக்குப் போவான். அங்க இருக்கிறவன் எண்பதுக்கே செட் பண்ணிக் குடுப்பான்."

மனைவி ஒரு நிமிடம் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, கூட்டத் தெரிஞ்ச உங்களுக்குக் குறைக்கத் தெரியாதா?"

மெக்கானிக் கை கழுவிவிட்டு எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்னதில் முதன்முறையாக ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது.

கியர் இல்லாத பெல்ட் வண்டியில் வேகம் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. வேகம் ஏற ஏற, முன் புல்லியின் இரண்டு தட்டுகளும் நெருங்கி பெல்ட்டை மேலே தள்ளும். பெல்ட் எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு வேகம். இந்த மாதிரிச் சின்ன வண்டிகளில் தட்டுகள் முழுசாக நெருங்காமலிருக்க உள்ளே ஒரு வளையம் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு, தட்டைத் தள்ளும் ரோலர்களையும் மாற்றினால் ஆள் பறக்கலாம்.

மெக்கானிக் அந்த வளையத்தைக் கழற்றவில்லை. அதோடு இன்னொரு தடித்த வளையத்தையும் சேர்த்துப் போட்டு மூடினார். இனி சைக்கிளில் போகிறவன்கூடப் பெல் அடித்து வழி கேட்பான். பிரேக்கையும் கமுக்கமாகச் சரிசெய்து வைத்தார். உயிர் சமாசாரம் ஆயிற்றே.

வெள்ளிக்கிழமை காலை, வண்டியை எடுக்க மருமகனோடு மாமியாரே வந்துவிட்டார். ஒடிசலான தேகம், தடித்த மூக்குக் கண்ணாடி, தோளில் பெரிய காலிப்பை. மெக்கானிக் சாவியை அவரிடமே நீட்டினார்.

"மெதுவா போங்கம்மா" என்றார்.

"இந்த வயசுல நான் எங்கேப்பா வேகமா போகப் போறேன்? ஏதோ மாப்பிள்ளை ஆசைப்பட்டு ரிப்பேர் பண்ணிக் குடுக்குறார். தங்கமான பிள்ளை" என்று மாமியார் மருமகனின் கன்னத்தைத் தட்டினார்.

தங்கமான பிள்ளையாம்! மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு மருமகனிடம் திரும்பினார். "பெல்ட் புதுசு. நல்லா சூடேறினாத்தான் வேகம் பிடிக்கும். இப்பவே முறுக்கிப் பார்க்காதீங்க."

அன்று இரவு மெக்கானிக் நிம்மதியாகத் தூங்கினார். ஒரு உயிரைக் காப்பாற்றிய ஆளுக்குத் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் கடையைத் திறந்ததும் மருமகன் ஓடிவந்தான். கண் சிவந்திருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

"குடியைக் கெடுத்துட்டீங்களே! வண்டியை என்னண்ணே பண்ணித் தொலைச்சீங்க?"

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினார். "அத்தை உயிரோட இருக்காங்கல்ல?"

"இருக்காங்க..."

"அது போதும் எனக்கு! உன் திட்டம் என்கிட்ட பலிக்குமா?"

"என் திட்டமா? நான் வெறும் எடுபிடிண்ணே. எல்லாமே அத்தை போட்ட திட்டம்!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு ஸ்டூலில் சரிந்தான்.

"போன தடவை நகைக்கடையில மயிரிழையில தப்பிச்சதாலதான் வேகத்தைக் கூட்டச் சொன்னாங்க, நேத்து நகையை அள்ளிக்கிட்டு வந்து முழுசா முறுக்குறாங்க, வாட்ச்மேன் ஓடக்கூட இல்லண்ணே, நடந்தே வந்து புடிச்சிட்டாரு!"