வேன் காயட்டும்

"சூட்ல ஒரு சொட்டு தண்ணி பட்டுச்சு, உன் வேனைக் கொளுத்திடுவேன்" என்றார் ஜெயராஜ். கறுப்பு சூட், வெள்ளைக் கையுறை, கோட்டில் செருகிய ரோஜா என்று அவர் வாசற்படியில் நின்றிருந்தார். தெரு இன்னும் சொதசொதவென்று கிடந்ததால் யாரும் அவரைக் கீழே இறங்க விடவில்லை.

வேன்காரன் சிரில் பின்கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குளம் கொட்டியது. கடைசியாக யாருடையதோ ஒரு செருப்பும் மிதந்து வந்து இறங்கியது.

"மழைக்காலத்துல யாராவது பிரிட்ஜுக்குக் கீழே வண்டியை விடுவாங்களாடா?"

"அங்கதான் அங்கிள் நிழல் இருக்கு."

"ராத்திரியிலயா?"

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் நாலு மணிக்குப் பூசை. பந்தல் போட்டாகிவிட்டது. வாடகை நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தாகிவிட்டது. வேனில் கட்ட வேண்டிய சாமந்திச் சரம் பக்கெட்டில் காத்திருந்தது. தயாராகாதது வேன் ஒன்றுதான்.

ஜெயராஜின் தங்கை ஜோசஃபின் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனுக்குள் ஏறினாள். தரைவிரிப்பை ஒரு மிதி மிதித்தாள். கால் விரல்களுக்கு நடுவே தண்ணீர் குமிழி விட்டது.

"மேல துடைச்சு என்னப்பா பிரயோஜனம்? அடியில இருக்கிற பஞ்சு பூரா குடிச்சு வெச்சிருக்கு. பிச்சு எடு."

"அது ஒட்டினது அக்கா."

"அப்ப நல்லா பலமா பிச்சு எடு."

விரிப்பைப் பிய்த்து எடுத்தார்கள். அது நனைந்த எருமை மாதிரி கனத்தது. காம்பவுண்டு சுவரில் தொங்கவிட்டதும் சுவரே அழ ஆரம்பித்தது.

"வேற வண்டி கிடைக்கலையா?" என்றார் ஜெயராஜ்.

"கேப் ஒண்ணு புக் பண்ணேன்ணே. வந்தான், கேட் கிட்ட நின்னு உன்னைப் பார்த்தான், ரிவர்ஸ்லயே ஓடிட்டான்."

"ஏன், என் சூட்டுக்கு என்ன குறைச்சல்?" என்று ஜெயராஜ் கோட்டை நீவிக்கொண்டார். "பேசாம நடந்தே போயிடறேன். சர்ச் அந்த முனையிலதானே இருக்கு."

ஜோசஃபின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நடந்தா? அப்பா நடந்தாரா? அம்மா நடந்தாங்களா? நம்ம வீட்ல இதுக்குன்னு யாராவது நடந்து போயிருக்காங்களா? சபையில ஒருத்தரும் நம்மை மதிக்கமாட்டாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோவப்படாதே ஜோசி. டோரதி முன்னால முதல் தடவை போய் நின்னப்போ, மழையில தொப்பலா நனைஞ்சு நின்னேன். அதை அவ இன்னும் மறந்திருக்க மாட்டா. இந்தத் தடவையாவது காஞ்சு போய் நிக்கணும். அவ்வளவுதான் என் ஆசை."

சிரில் வேனின் தரையில் இருந்த ரப்பர் மூடிகளைப் பிடுங்கி மிச்சத் தண்ணீரை ஓடவிட்டான். பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் லவினா மூன்று ஹேர் டிரையர்களோடு வந்தாள். காலையில் ஜெயராஜுக்குத் தலைவாரி முகத்தில் பவுடர் போட்டதும் அவள்தான்.

"அங்கிள், படியிலயே நில்லுங்க. வெளிச்சத்துல மேக்கப் நல்லா எடுக்குது" என்றாள்.

"வயசு தெரியுதா?"

"இந்த மாதிரி ஃப்ரெஷ்ஷா நீங்க இருந்ததே இல்ல அங்கிள்."

மூன்று டிரையர்களையும் மேசை விசிறியையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினார்கள். எல்லாம் ஒரு நிமிஷம் ஒன்றாக அலறிவிட்டு ஒன்றாக நின்றன. மீட்டர் பெட்டியிலிருந்து 'டப்' என்று சத்தம் வந்தது.

"லோடு தாங்கலக்கா" என்றான் சிரில்.

"ஹால்ல அந்தக் கூலிங் சும்மனே ஓடிக்கிட்டிருக்கு, அதைப் பிடுங்கு" என்றார் ஜெயராஜ்.

"உனக்கு வேணாமாண்ணே?"

"நான்தான் வெளியில நிக்கிறேனே! ராத்திரி பூரா அதுல விறைச்சுப் போயிட்டேன்."

அதைப் பிடுங்கியதும் விசிறி சுழன்றது. ஜோசஃபின் வேனுக்குள் சாம்பிராணி போட்டாள். லவினா ஒரு பக்கத்து பெஞ்சுக்கும், சிரில் மறு பக்கத்து பெஞ்சுக்கும் தலைமுடி காயவைப்பது போலப் பொறுமையாகக் காற்று காட்டினார்கள். தெருவில் போன ஒருவர் வண்டி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். ஜெயராஜ் போட்ட கூச்சலில் அவர் குடத்தோடு திரும்பி ஓடினார்.

நடுவில் காப்பி வந்தது. எல்லாரும் குடித்தார்கள். ஜெயராஜ் கை நீட்டியதும் ஜோசஃபின் டம்ளரைப் பின்னால் மறைத்தாள். "உனக்குக் கிடையாது. சூட்ல கொட்டிக்குவே."

கடைசியில் சிரில் வேனின் தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முழங்காலால் அழுத்தி, எடுத்துத் தூக்கிக் காட்டினான். ஒரு எழுத்துக்கூட நனைந்திருக்கவில்லை. ஜெயராஜின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து சர்ச் மணியும் அடிக்க ஆரம்பித்தது.

"பேக, பேக! சீக்கிரம்!" என்று கத்தினான் சிரில். பந்தல் நாற்காலிகளை எடுத்துவந்து படியிலிருந்து வேன்வரை வரிசையாகப் போட்டார்கள். ஜெயராஜ் கால்சட்டையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகத் தாண்டி நடந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அவர் முன் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் டையைச் சரிசெய்தார்.

ஜோசஃபின் ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

"இறங்குண்ணே, அது என் சீட்டு. நீ உள்ள போய்ப் பெட்டியில படு, ஆணி அடிக்கணும்."